பகலில் ஊர், இரவில் ஆட்டம்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். பெங்களூரில் ஓராண்டாக லிண்டி ஹாப் கற்றுவருகிறேன்; ஸ்விங் ஜாஸ் இசைக்கு இருவர் சேர்ந்து ஆடும் ஆட்டம் அது. அடுத்த மாதம் கணவருடன் ஆறு நாள் விடுமுறைக்கு சிங்கப்பூர் வருகிறேன். பகலில் ஊர் சுற்றிவிட்டு, இரண்டு மூன்று இரவுகளாவது ஸ்விங் ஆட ஆசை. "இவ்வளவு செலவு செய்து போய், இங்கே ஆடுகிற அதே ஆட்டத்தை அங்கே ஒரு கூடத்துக்குள் ஆடவா?" என்கிறார் அவர். அவருக்கு ஆட வராது. தெரியாத ஊரில், முகம் தெரியாதவர்களோடு கைகோத்து ஆடுவதில் எனக்கும் தயக்கம் இருக்கிறது. நீங்கள் அங்கே ஆடுபவர் என்பதால் கேட்கிறேன்.

ம., பெங்களூரு

அன்புள்ள ம.,

தாராளமாக ஆடுங்கள். உங்கள் கணவரின் கேள்விக்கு இந்த ஆட்டத்தின் வரலாறே பதில் வைத்திருக்கிறது.

1920களின் பிற்பகுதியில், நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில், கறுப்பின மக்களிடையே பிறந்தது லிண்டி ஹாப். 1926இல் லெனாக்ஸ் அவென்யூவில் திறந்த சவாய் அரங்குதான் அது வளர்ந்த இடம். நிறப் பாகுபாடு ஊறிப்போயிருந்த அந்நாட்டில் கறுப்பரும் வெள்ளையரும் ஒரே தரையில் ஆடினார்கள் அங்கே. 1958இல் அரங்கை மூடி, பிறகு இடித்து, குடியிருப்புகள் கட்டிவிட்டார்கள். இசையின் போக்கும் அதற்குள் மாறியிருந்தது. சவாயின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவரான ஃபிராங்கி மேனிங் தபால் துறை வேலைக்குப் போய், அதிலேயே முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தார். 1980களில் ஸ்வீடனிலிருந்தும் கலிஃபோர்னியாவிலிருந்தும் சில இளைஞர்கள் நியூயார்க்குக்கு வந்து, பழைய ஆட்டக்காரர்களைத் தேடிக் கண்டுபிடித்துக் கற்றுக்கொண்டார்கள். எழுபது வயதைத் தாண்டிய மேனிங் மறுபடி ஆடினார். 2009இல் இறக்கும்வரை நாடு நாடாகப் போய்க் கற்பித்தார். பெங்களூரில் நீங்கள் போடும் அடி அந்தப் பயணங்கள் வழியாகத்தான் உங்களிடம் வந்தது. ஆடுவதற்காக ஊர்விட்டு ஊர் போனவர்கள் இல்லையென்றால் இந்த ஆட்டமே அழிந்திருக்கும். உங்கள் கணவரிடம் இதைச் சொல்லுங்கள்.

மேலும், அது 'அதே ஆட்டம்' அல்ல. எட்டுத் தாளக் கணக்கு எங்கும் ஒன்றுதான். ஆனால் எதிரில் நிற்பவர் மாறும்போது எல்லாமே மாறிவிடுகிறது. ஒருவர் கையை மிக இலேசாகப் பிடிப்பார், இன்னொருவர் ஒவ்வொரு திருப்பத்திலும் ட்ரம்பெட்டின் குரலைத் தேடுவார். பாட்டுக்குப் பாட்டு துணை மாறுவதால், ஒரே மாலையில் தாதி, மாணவர், வங்கி ஊழியர் என்று இந்த ஊரில் வாழும் பலரோடு ஆடிவிடுவீர்கள். மரினா பேயில் எத்தனை மணி நேரம் நின்றாலும் அவர்களைச் சந்திக்க முடியாது.

சுற்றிப்பார்க்கும் பட்டியலில் பூமலை என்று நாங்கள் சொல்லும் தாவரவியல் பூங்காவும் கரையோரப் பூந்தோட்டங்களும் இருக்கட்டும். அவற்றைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். நான் உங்களை அழைத்துப்போக விரும்பும் இடம் ஜாலான் புசார். 1923இல் அங்கே 'நியூ வேர்ல்ட்' என்ற கேளிக்கைப் பூங்கா திறந்தது. பிறகு கிம் செங் சாலையில் 'கிரேட் வேர்ல்ட்', கேலாங்கில் 'ஹேப்பி வேர்ல்ட்'. நாடகம், குத்துச்சண்டை, சினிமாவோடு நடன அரங்குகளும் அங்கே இருந்தன. பிலிப்பினோ இசைக்கலைஞர்கள் ஜாஸ் வாசித்தார்கள். ஆண்கள் ஆட்டத்துக்கு இவ்வளவு என்று டிக்கெட் வாங்கி, அரங்கின் நடனப் பெண்களோடு ஆடினார்கள். நியூ வேர்ல்ட் இருந்த இடத்தில் இன்று சிட்டி ஸ்குவேர் மால் நிற்கிறது; பூங்காவின் பழைய நுழைவாயிலைக் காத்து அங்கே நிறுத்தியிருக்கிறார்கள். சிராங்கூன் சாலைப் பெருமாள் கோவிலுக்கு வரும் நம்மவர்கள் அந்த வாயிலைக் கவனிக்காமலே போகிறார்கள் என்பது எனக்குத் தீராத வருத்தம். கோவிலிலிருந்து சில நிமிட நடைதான்.

உங்கள் தயக்கத்துக்கு வருகிறேன். அந்த நடனப் பெண்களை ஊர் மதிப்பாகப் பேசவில்லை. அவர்களில் ஒருவர்தான் 1946இல், போரில் படிப்பை இழந்த ஏழைப் பிள்ளைகளுக்காக, சக நடனப் பெண்களின் துணையோடு கேலாங்கில் ஓர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். ஊர்ப் பேச்சைக் கொண்டு ஆடும் பெண்ணை எடைபோடக் கூடாது என்பதற்கு எனக்கு இந்த ஒரு சான்று போதும். இன்றைய ஸ்விங் கூடத்தில் நடைமுறை மிகத் தெளிவானது. யாரும் யாரையும் அழைக்கலாம், பெண்ணும் வழிநடத்தலாம், 'வேண்டாம்' என்றால் காரணம் கேட்கமாட்டார்கள். பாட்டு முடிந்தால் நன்றி சொல்லிப் பிரிந்துவிடலாம். பிடி சௌகரியமாக இல்லையென்றால் அப்போதே சொல்லுங்கள். சொல்வது மரியாதைக் குறைவு அல்ல.

நடைமுறைக்குச் சில. இங்கே புழுக்கம் அதிகம், ஆகவே மாற்றுச் சட்டை இரண்டு, ஒரு துண்டு, தண்ணீர்ப் புட்டி. வழுவழுப்பான அடி கொண்ட காலணியைப் பையில் எடுத்துப்போய்க் கூடத்தில் மாற்றிக்கொள்ளுங்கள். ஆட்டம் உள்ள நாளில் பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் வெயிலில் நடக்காதீர்கள், அறைக்குத் திரும்பிக் கால்களுக்கு ஓய்வு கொடுங்கள். அதனால் ஓர் இடம் விட்டுப்போனாலும் பரவாயில்லை. ஆட்டத்துக்கு முன்பே உணவங்காடியில் சாப்பிட்டுவிடுங்கள், வயிறு கனக்காத அளவுக்கு. எம்ஆர்டி என்கிற மெட்ரோ ரயில் நள்ளிரவையொட்டி நின்றுவிடும், கடைசி ரயில் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆட்டத்துக்கு முன்னால் புதியவர்களுக்கென்று வகுப்பு வைக்கும் மாலைகள் உண்டு. உங்கள் கணவரை அப்படி ஒரு மாலைக்கு அழைத்துவாருங்கள், ஆனால் வற்புறுத்த வேண்டாம். பிடிக்கவில்லையென்றால் அடுத்த முறை அவர் லிட்டில் இந்தியாவின் தேக்காவில் உலவட்டும், நீங்கள் ஆடுங்கள். இருவரும் எல்லா மணி நேரமும் சேர்ந்தே இருந்தால்தான் விடுமுறை என்று யாரும் சட்டம் போடவில்லை.

வரும் தேதிகளை எழுதுங்கள். அந்த வாரம் எந்தெந்த இரவுகளில் ஆட்டம் என்று கேட்டுச் சொல்கிறேன். அதற்கேற்ப பகல்களை நீங்கள் வகுத்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
அக்கா