ஹைட்ராலிக் கருவிகளின் உட்புறக் காட்சி ஆய்வு: ஒரு தந்தையின் ஐயங்களுக்கு விளக்கம்

மதிப்பிற்குரிய ஐயா,

இயந்திரவியல் பட்டயப் படிப்பின் இறுதிப் பருவத்தில் இருக்கும் உங்கள் மகள், ஹைட்ராலிக் சிலிண்டர்களையும் அழுத்தக் கலன்களையும் உட்புறமாகப் பார்த்து ஆய்வு செய்யும் பணியையே தம் தொழிலாக எடுத்துக்கொள்ள விரும்புவதாக எழுதியிருக்கிறீர்கள். குழாய்க்குள் கேமராவை விட்டுப் பார்ப்பது ஒரு வேலையா என்பது உங்கள் முதல் கேள்வி. சில நாட்களில் ஐந்து சான்றிதழ்களைக் கையில் கொடுத்து வளைகுடா நாட்டுக்கு அனுப்பிவைப்பதாகக் கூறும் ஒரு பயிற்சி நிலையத்துக்குப் பெருந்தொகை கட்டலாமா என்பது இரண்டாவது. தொழில் உண்மையானது, அதை உங்கள் மகள் தாராளமாகத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் அந்த ஐந்து சான்றிதழ்களுக்கு இப்போது பணம் கட்ட வேண்டாம். இவ்வாறு சொல்வதற்கான காரணங்களைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். ஏனென்றால் இந்தப் பணியின் இயல்பு புரிந்தால்தான் சான்றிதழின் மதிப்பும் அதன் எல்லையும் விளங்கும்.

மண்வாரி இயந்திரத்தின் கையைத் தூக்குவதும், பிரஸ்ஸில் இரும்புத் தகட்டை வளைப்பதும், சுரங்கம் தோண்டும் இயந்திரத்தை முன்னோக்கித் தள்ளுவதும் ஹைட்ராலிக் சிலிண்டர்களே. இத்தகைய கருவிகளில் எண்ணெயின் அழுத்தம் 200 பார், 350 பார் என்ற அளவுகளில் இருப்பது வழக்கம். 350 பார் என்றால் ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பின்மீது ஏறத்தாழ 350 கிலோ எடையை ஏற்றி வைத்ததற்குச் சமம். இந்த அழுத்தத்தைக் கசியவிடாமல் தாங்குவது பிஸ்டனைச் சுற்றியுள்ள மெல்லிய சீலும், அது உரசிச் செல்லும் உள்சுவரும்தான். எனவே உள்சுவரின் நிலையை அறிவது இயந்திரம் அடுத்த சில ஆயிரம் மணி நேரம் ஓடுமா, வழியில் நின்றுவிடுமா என்பதை அறிவதாகும். ஒவ்வொரு முறையும் சிலிண்டரை முழுமையாகக் கழற்றினால் வேலை நாட்கள் வீணாகும், கழற்றி மாட்டும்போதே தூசி புகுந்து புதிய பழுதும் வரும். எண்ணெய் நுழையும் துளை வழியாக 4 அல்லது 6 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு போர்ஸ்கோப்பை, அதாவது முனையில் கேமரா பொருத்திய மெல்லிய குழாயை, செலுத்திப் பார்க்கும் முறைக்குத் தேவை ஏற்பட்டது இதனால்தான்.

பார்ப்பது எளிது, பார்த்ததன் பொருளைச் சொல்வதுதான் கடினம். நல்ல நிலையில் உள்ள சிலிண்டரின் உள்சுவரில் ஹோனிங் (சாணைக்கல்லால் தேய்த்து மெருகேற்றுதல்) செய்ததன் அடையாளமாக ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் மெல்லிய கோடுகள் தெரியும். அவற்றின் குறுக்கே நீளவாக்கில் ஒரு கீறல் ஓடினால், எண்ணெயில் கலந்த கடினமான துகள் ஒன்று சீலில் சிக்கிக்கொண்டு பிஸ்டனோடு மேலும் கீழும் பயணம் செய்திருக்கிறது என்று கருதலாம். சுவரின் ஒரு பக்கம் மட்டும் கண்ணாடிபோல் தேய்ந்திருந்தால், பிஸ்டனோடு இணைந்த ராடு (தண்டு) வளைந்திருக்கலாம், அல்லது அதை நேராகச் செலுத்தும் வழிகாட்டி புஷ் என்ற வளையம் தேய்ந்து பக்கவாட்டில் பாரம் விழுந்திருக்கலாம். சீலின் விளிம்பு கருகியிருந்தால், எண்ணெயில் இருந்த காற்றுக் குமிழ்கள் திடீரென நசுக்கப்பட்டுச் சூடேறி எரிந்திருக்கக்கூடும். பணிமனைகளில் இதை டீசலிங் என்பார்கள். ஒரே மட்டத்தில் வளையமாகத் துரு படிந்திருந்தால், எண்ணெயில் நீர் கலந்து, இயந்திரம் நெடுநாள் ஒரே நிலையில் நிறுத்தப்பட்டிருந்தது என்று ஊகிக்க இடமுண்டு. பம்ப்பின் உள்ளே உலோகப் பரப்பு பொரிந்து குழிகுழியாகக் காணப்பட்டால், உறிஞ்சும் பக்கத்தில் எண்ணெய் போதுமான அளவு வரவில்லை என்ற சந்தேகம் எழ வேண்டும். இந்தக் கடைசிப் பழுதுக்கு பம்ப்பை மாற்றிவிட்டு அடைபட்ட வடிகட்டியை அப்படியே விட்டால், புதிய பம்ப்பும் விரைவில் அதே கதிக்கு ஆளாகும்.

நீங்கள் நெல் வணிகத்தில் இருப்பதாக எழுதியிருப்பதால் ஒன்றைச் சொல்கிறேன்: ஒரு நெல்மணியைக் கடித்துப் பார்த்து ஈரப்பதத்தைச் சொல்ல உங்களுக்கு எத்தனை அறுவடைப் பருவங்கள் தேவைப்பட்டனவோ, அதே வகையான பழக்கம்தான் இங்கும் தேவை. உள்சுவரில் படிந்த ஓர் எண்ணெய் இழை திரையில் விரிசல்போலத் தோன்றும். துடைத்துவிட்டு மறுபடி பார்க்கத் தெரிந்தவர் ஏமாற மாட்டார். லென்ஸுக்கு அருகில் உள்ள சிறு குழி பெரிதாகவும், தொலைவில் உள்ள பெரிய குழி சிறிதாகவும் தெரியும். அளவிடும் வசதியுள்ள கருவிகள் இருந்தாலும், அவற்றை எந்தக் கோணத்தில் நிறுத்த வேண்டும் என்பதை மனிதர்தான் முடிவு செய்ய வேண்டும். அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் அழுத்தக் கலன் விதித்தொகுப்பு, நேரடியாகக் கண்ணால் பார்ப்பதற்கு மூன்று நிபந்தனைகளை வகுத்திருக்கிறது: ஆய்வு செய்யும் பரப்பிலிருந்து கண் 600 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும், பார்வைக் கோணம் 30 பாகைக்குக் குறையக் கூடாது, வெளிச்சம் குறைந்தது 1000 லக்ஸ் இருக்க வேண்டும். போர்ஸ்கோப் வழியாகப் பார்ப்பது தொலைநிலைக் காட்சி ஆய்வு என்ற வகையில் சேரும். அங்கேயும் நேரடிப் பார்வைக்கு இணையான தெளிவு வேண்டும் என்பதே விதி.

பெற்றோர் என்ற முறையில் நீங்கள் கேட்காமல் விட்ட ஒரு கேள்வி ஆபத்தைப் பற்றியது. அதை நான் தவிர்க்க விரும்பவில்லை. போர்ஸ்கோப்பை உள்ளே செலுத்தும் ஆய்வு, அழுத்தம் முழுவதும் இறக்கப்பட்ட பிறகே நடைபெற வேண்டும். பம்ப்பை நிறுத்திவிட்டதால் அழுத்தம் இறங்கிவிட்டது என்று நினைப்பதுதான் இத்துறையின் பெரும் பொறி. நைட்ரஜன் நிரப்பிய பிளாடருடன் (ரப்பர் பையுடன்) கூடிய, அக்யுமுலேட்டர் எனப்படும் அழுத்தச் சேமிப்புக் கலன், மின்சாரம் நின்ற பிறகும் அழுத்தத்தைத் தன்னுள் சேமித்து வைத்திருக்கும். உயர்த்தியபடி விடப்பட்ட வாளியோ மேடையோ தன் எடையாலேயே சிலிண்டரில் அழுத்தத்தை நிலைநிறுத்தும். பாரத்தைத் தரையில் இறக்கி, அக்யுமுலேட்டரின் எண்ணெய்ப் பக்கத்தை வடித்து, அழுத்தமானி சுழியைக் காட்டுவதை உறுதிசெய்து, மின் இணைப்பைப் பூட்டிச் சாவியைத் தம் பையில் வைத்துக்கொண்ட பிறகே துளையின் மூடியில் கை வைக்க வேண்டும். அக்யுமுலேட்டரையே திறந்து பார்ப்பதென்றால் நைட்ரஜனையும் முழுவதுமாக வெளியேற்ற வேண்டும். மீண்டும் நிரப்பும்போது உலர் நைட்ரஜனைத் தவிர வேறெதையும், குறிப்பாக ஆக்சிஜனை, பயன்படுத்தக் கூடாது. எண்ணெயும் உயர் அழுத்த ஆக்சிஜனும் சேர்ந்தால் வெடிக்கும்.

மெல்லிய துளை வழியாகப் பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உடலுக்குள் சென்றுவிடும் என்பதையும் உங்கள் மகள் முதல் நாளிலேயே அறிந்திருக்க வேண்டும். காயம் ஊசி குத்தியதுபோலச் சிறியதாக இருக்கும், முதலில் வலியும் பெரிதாக இராது. ஆயினும் உடனடியாக அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் விரலையோ கையையோ இழக்க நேரிடலாம். இதனால்தான் கசிவைக் கையால் தடவித் தேடக் கூடாது, அட்டைத் துண்டைக் காட்டிப் பார்க்க வேண்டும் என்று கற்பிக்கிறார்கள். ஆள் நுழையக்கூடிய பெரிய கலன்களில் இன்னொரு ஆபத்தும் உண்டு. உள்ளே ஆக்சிஜன் 19.5 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் நுழையக் கூடாது. ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும் நைட்ரஜனுக்கு நிறமும் மணமும் இல்லாததால் அளந்து பார்க்காமல் அது அங்கே இருப்பதை உணர முடியாது. இவற்றை ஒழுங்காகக் கற்றுத்தரும் பணிமனையில் உங்கள் மகள் சேர்ந்தால் கவலைப்பட வேண்டியதில்லை. அழுத்தம் இருக்கும்போதே துளையைத் திறக்கச் சொல்லும் மேலாளர் வாய்த்தால், அன்றே வேலையை விட்டு வருவதற்கு நீங்கள் முன்கூட்டியே அனுமதி கொடுத்து வையுங்கள். பல இளைஞர்கள் வீட்டில் என்ன சொல்வார்களோ என்று அஞ்சியே அத்தகைய இடங்களில் தங்கிவிடுகிறார்கள்.

இனிச் சான்றிதழுக்கு வருவோம். பொருளைச் சிதைக்காமல் சோதிக்கும் முறைகளை மொத்தமாக என்டிடி என்றும், அவற்றில் காட்சி ஆய்வை விடி என்றும் அழைக்கிறார்கள். நம் நாட்டில் பெரும்பாலான பயிற்சி நிலையங்கள் வழங்குவது, எஸ்என்டி-டிசி-1ஏ என்ற அமெரிக்கப் பரிந்துரையின் அடிப்படையிலான லெவல் 1 (மேற்பார்வையில் சோதிப்பவர்), லெவல் 2 (தாமே சோதித்து முடிவைக் கணிப்பவர்) சான்றிதழ்கள். இந்தப் பரிந்துரையின்படி ஒருவருக்குத் தகுதிச் சான்று அளிக்கும் பொறுப்பு, அவரை வேலைக்கு அமர்த்தியிருக்கும் நிறுவனத்துக்கே உரியது. பயிற்சி நிலையம் பாடம் நடத்தலாம், தேர்வு வைக்கலாம்; ஆனால் பணி அனுபவத்தைக் கணக்கில் எடுத்து, தான் எழுத்தில் வகுத்த நடைமுறைக்கு ஏற்பச் சான்றளிக்க வேண்டியது முதலாளி. விடி லெவல் 2 வரை மொத்த வகுப்பறைப் பயிற்சி 24 மணி நேரத்தில் முடிந்துவிடும். தேவையான அனுபவமோ நூற்றுக்கணக்கான மணி நேரம். ஆகவே பட்டயப் படிப்பை முடிக்காத ஒரு மாணவி கையில் ஐந்து லெவல் 2 தாள்களை வைத்துக்கொண்டு நேர்காணலுக்குப் போனால், துறை அறிந்த அலுவலர் அடுத்துக் கேட்பது அனுபவப் பதிவேட்டைத்தான். வேலை தரும் நிறுவனத்தைச் சாராத, மூன்றாம் தரப்பு அமைப்பு ஐஎஸ்ஓ 9712 என்ற பன்னாட்டுத் தரநிலையின்படி வழங்கும் சான்றிதழுக்கு நிறுவனம் மாறினாலும் மதிப்பு தொடர்கிறது, ஆனால் அதற்கும் அனுபவம் காட்டியாக வேண்டும்.

வளைகுடா எண்ணெய் நிறுவனங்களின் பணிகளுக்குப் பலர் நாடும், அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம் வழங்கும் ஏபிஐ 510 என்ற அழுத்தக் கலன் ஆய்வாளர் தகுதிக்கும் கல்விக்கு ஏற்ப 1 முதல் 5 ஆண்டு வரை அனுபவம் கேட்கிறார்கள். ஆக, எந்தப் பாதையில் சென்றாலும் அனுபவம் என்ற வாயிலைத் தாண்ட வேண்டியிருக்கிறது. அதற்கு முன்னால் கொடுக்கும் பணம் பெரும்பாலும் வீண் என்பது என் உறுதியான கருத்து. மேலும் நம் தொழிற்சாலைச் சட்டங்கள் அழுத்தக் கலன்களைக் குறித்த இடைவெளியில் ஆய்வு செய்து சான்றளிக்கும் அதிகாரத்தை, அரசு அங்கீகரித்த தகுதி பெற்ற நபருக்கே அளிக்கின்றன. விடி லெவல் 2 பெற்றாலே அந்தக் கையெழுத்து உரிமை வந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

உங்கள் மகளுக்கு நான் பரிந்துரைக்கும் வழி வேறு. பட்டயம் முடிந்ததும் ஹைட்ராலிக் சிலிண்டர்களையும் பம்ப்புகளையும் பழுதுபார்க்கும் ஒரு பணிமனையிலோ, கட்டுமான இயந்திர நிறுவனத்தின் சேவைப் பிரிவிலோ ஓராண்டு தொழிற்பழகுநராகச் சேரட்டும். கோயம்புத்தூர், ஓசூர், ஒரகடம் பகுதிகளில் இத்தகைய இடங்கள் உண்டு. வாளிச் சக்கர அகழ்விகள் இயங்கும் நெய்வேலிச் சுரங்கத்தைப் போன்ற இடங்களிலும் ஹைட்ராலிக் பராமரிப்புப் பணி இருக்கிறது. போர்ஸ்கோப்பில் பார்த்ததையும், பின்பு கழற்றிக் கண்ணால் பார்த்ததையும் ஒரே நாளில் ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு பழுதுபார்க்கும் மேசையில் மட்டுமே கிடைக்கும். வகுப்பறையில் அதற்கு ஈடில்லை. அந்த ஆண்டில் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, திரையில் தெரிந்தது என்ன, தாம் கணித்தது என்ன, கழற்றியபோது காணப்பட்டது என்ன என்று தேதியோடு எழுதி, மேற்பார்வையாளரின் கையொப்பம் பெற்று வைக்கச் சொல்லுங்கள். நாளை அனுபவச் சான்றாக நிற்கப்போவது அந்தக் குறிப்பேடுதான். வேலையில் இருந்தபடியே விடி லெவல் 2 எழுதலாம்; பிறகு சாயத்தைப் பூசி விரிசலைக் காட்டும் சாய ஊடுருவல் சோதனையையும், அதன்பின் ஒலி அலைகளைச் செலுத்திப் பார்க்கும் மீயொலிச் சோதனையையும் சேர்த்துக்கொள்ளலாம். கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய விரிசலைக் கண்டறியவும், அது எவ்வளவு ஆழம் போகிறது என்று சொல்லவும் வெறும் பார்வை போதாது என்பதால் இவ்விரண்டும் இயல்பான துணைகள்.

பயிற்சிக்குத் திருச்சியில் உள்ள வெல்டிங் ஆராய்ச்சி நிறுவனத்தையும், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியச் சிதைவிலாச் சோதனைச் சங்கத்தையும் முதலில் விசாரியுங்கள். மேற்படிப்பில் ஆர்வம் இருந்தால், பொறியியல் பட்டத்துக்குப் பிறகு திருச்சி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் சிதைவிலாச் சோதனைக்கென்றே எம்.டெக். இருக்கிறது. விமான இயந்திரங்களை போர்ஸ்கோப்பில் ஆய்வு செய்யும் பணியும் அவரைக் கவரக்கூடும், ஆனால் அது விமானப் பராமரிப்புப் பொறியாளர் உரிமம் சார்ந்த தனிப் பாதை.

பெண் என்பதால் தயங்க வேண்டுமா என்று கடைசி வரியில் கேட்டிருக்கிறீர்கள். ஆய்வுப் பணியில் தூக்கும் வேலை குறைவு, பொறுமையும் எழுத்துத் தெளிவும் அதிகம் தேவை. அந்த வகையில் தடை ஏதுமில்லை. தொலைதூரத் தளங்களில் இரவுப் பணியும், கழிப்பறை வசதியற்ற இடங்களும் வரும் என்பதை மறைக்க மாட்டேன். முதல் சில ஆண்டுகள் நிலையான பணிமனையிலோ உற்பத்தித் தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவிலோ இருப்பது நல்லது. கணினியே படத்தைப் பார்த்துப் பழுதைக் கண்டுபிடிக்கும் காலம் வந்துவிட்டதே என்ற உங்கள் கவலைக்கும் இடமுண்டு. அத்தகைய மென்பொருள்கள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. அவை குறியிட்டுக் காட்டுவதை ஏற்பதா தள்ளுவதா என்று முடிவெடுத்து அறிக்கையில் கையொப்பமிடுபவருக்கு வேலை இருக்கும். படம் மட்டும் எடுத்துத் தருபவருக்கு அது குறையும். தொடக்க ஊதியம் மிதமாகவே இருக்கும் என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள்.

எதற்கும் பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு கண் மருத்துவரிடம் மகளை அழைத்துச் செல்லுங்கள். அருகில் உள்ள நுண்ணிய எழுத்தை 30 சென்டிமீட்டர் தொலைவில் வைத்துப் படிக்கும் திறனையும், நிறங்களை வேறுபடுத்தும் திறனையும் சோதிக்க வேண்டும் என்று சொன்னால் மருத்துவருக்குப் புரியும். கண்ணாடி அணிந்து படித்தாலும் தகுதி உண்டு. அருகுப் பார்வைச் சோதனையை ஆண்டுதோறும் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும். அதன்பின் பயிற்சி நிலையத்திடம் நான்கு செய்திகளை எழுத்தில் கேளுங்கள்: பயிற்றுநரின் லெவல் 3 (மிக உயர்ந்த நிலை) சான்றிதழ் எந்த அமைப்பு வழங்கியது, அது எப்போது காலாவதியாகிறது, செய்முறைத் தேர்வுக்கு உண்மையான பழுதுள்ள மாதிரிகள் எத்தனை வைத்திருக்கிறார்கள், அனுபவ மணி நேரத்தை அவர்கள் எவ்வாறு சரிபார்க்கிறார்கள். கடைசிக் கேள்விக்கு, அதை நாங்களே பார்த்துக்கொள்வோம் என்று பதில் வந்தால், அனுபவமில்லாதவருக்கு அனுபவச் சான்று எழுதித் தருவார்கள் என்று பொருள். அந்த இடத்தை விட்டுவிடுங்கள்.