சாஸ் புரோகிராமர்களை ஆர் மொழிக்கு மாற்ற எங்கிருந்து தொடங்குவது?

பத்து வருடம் சாஸ் (SAS) என்ற புள்ளியியல் மென்பொருளில் புழங்கியவர்களுக்கு ஆர் (R) என்ற புள்ளியியல் நிரல் மொழியைச் சொல்லித்தர வேண்டும், முதல் பாடம் எதுவாக இருக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். இலக்கணத்தில் தொடங்காதீர்கள். அடைப்புக்குறியும் காற்புள்ளியும் சில வாரங்களில் கைக்கு வந்துவிடும். ஒரே தரவுக்கு இரண்டு மொழிகளும் சத்தமில்லாமல் வெவ்வேறு விடை தரும் இடங்களை முதலில் காட்டுங்கள்.

நான் உதவிய குழுவில் ஒருவர் தன்னுடைய பழைய மருந்துச் சோதனை அட்டவணை ஒன்றை ஆரில் திரும்ப எழுதினார். 18 வயதுக்குக் கீழே சாஸில் 14 பேர், ஆரில் 11 பேர். அரை நாள் ஆர் நிரலிலேயே பிழை தேடினார். கடைசியில் பார்த்தால் மூன்று பேருக்கு வயதே பதிவாகவில்லை. விடுபட்ட எண்ணை எல்லா எண்களையும் விடச் சிறியதாகத்தான் சாஸ் கருதும். அதனால் அந்த மூவரும் சிறுவர் கணக்கில் சேர்ந்துவிட்டார்கள். ஆரில் விடுபட்ட மதிப்பின் குறியான என்ஏவை 18-உடன் ஒப்பிட்டால் விடையும் என்ஏதான். ஆரின் டீபிளையர் தொகுப்பில் உள்ள ஃபில்டர் கட்டளை அந்த வரிகளைக் கழித்துவிடும். சாஸின் இந்த வழக்கம் அவருக்குத் தெரியாததல்ல, பழைய நிரலில் கவனிக்காமல் விட்டிருந்தார். ஆர் மீது அவருக்கு நம்பிக்கை வந்தது அன்றைக்குத்தான்.

இப்படி இன்னும் சில உண்டு. 2.5-ஐ முழு எண்ணாக்கினால் சாஸ் 3 தரும், ஆர் 2 தரும். 1, 2, 3, 4 என்ற நான்கு எண்களின் முதல் கால்மானம் (கீழிருந்து கால் பங்கைப் பிரிக்கும் மதிப்பு) சாஸின் இயல்பான முறையில் 1.5, ஆரில் 1.75. தேதியை சாஸ் 1960 ஜனவரி 1-லிருந்து எண்ணும், ஆர் 1970 ஜனவரி 1-லிருந்து. இடைவெளி 3653 நாள். ஃபார்மட் (தேதியாகக் காட்டும் வடிவக் குறிப்பு) இல்லாத சாஸ் தேதி ஆருக்கு வெறும் எண்ணாக வந்து சேர்ந்தால், நோயாளியின் வருகை பத்து வருடம் தள்ளிப்போகும்.

உண்மையில் கஷ்டமானது யோசிக்கும் முறை. சாஸில் தரவைக் கையாளும் டேட்டா ஸ்டெப் ஒரு வரியைப் படித்து, வேலையை முடித்துவிட்டு அடுத்த வரிக்குப் போகும். அதில் ஊறியவர்கள் ஆருக்கு வந்ததும் வரிவரியாகச் சுற்றிவரும் ஃபார் லூப் எழுதத் தொடங்குவார்கள். தடுக்காதீர்கள், ஓட விடுங்கள். பிறகு அதே வேலையை லூப் இல்லாமல் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள். ஒவ்வொரு நோயாளியின் முதல் அளவிலிருந்து மாற்றம் எவ்வளவு என்று கணக்கிட சாஸில் ஒரு மதிப்பை அடுத்த வரிக்கும் வைத்திருக்கும் ரிடெயினும், நோயாளியின் முதல் வரியைக் காட்டும் ஃபர்ஸ்ட் டாட்டும் வேண்டும். ஆரில் நோயாளிவாரியாகக் குழு பிரித்து, முழு நெடுவரிசையிலிருந்தும் முதல் மதிப்பைக் கழித்தால் போதும். என் குழுவில் பலருக்குக் கண் திறந்தது இந்த ஓர் உதாரணத்தில்தான்.

பயிற்சிக்குப் பூக்கள், கார்கள் பற்றிய மாதிரித் தரவு வேண்டாம். அவரவர் முடித்த வேலையையே கொடுங்கள். சரியான விடை எப்படி இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும், எண் இடித்தால் உடனே பிடித்துவிடுவார்கள். இடித்த ஒவ்வொன்றையும் காரணத்தோடு ஒரு பொதுக் கோப்பில் எழுதச் சொல்லுங்கள். மருந்து ஆய்வுத் தரவில் வேலை செய்பவர்களின் ஃபியூஸ் (PHUSE) அமைப்பு நடத்தும் கேமிஸ் (CAMIS) திட்டமும் சாஸ், ஆர், பைத்தான் விடைகளை முறைவாரியாக ஒப்பிட்டு எல்லோரும் பார்க்கும்படி வைத்திருக்கிறது. எங்கள் கோப்பில் விளங்காத இடங்களுக்கு நாங்கள் முதலில் அங்கேதான் போனோம்.