சிஓஇ ஏறிவிட்டதாம், 18,000 வெள்ளி கூடுதலாகக் கேட்கிறார் டீலர்: கட்டுவதா, முன்பணத்தைத் திரும்பக் கேட்பதா?

கேள்வி: பெற்றோர், மூன்று பிள்ளைகள், நாங்கள் இருவர் என வீட்டில் ஏழு பேர். ஏழு இருக்கை கொண்ட பெரிய ஹைபிரிட் எஸ்யூவி ஒன்றைப் பேரலல் இம்போர்ட்டர் (அதிகாரபூர்வ முகவர் அல்லாத இறக்குமதியாளர்) ஒருவரிடம் பதிவு செய்தோம். சிஓஇ (சிங்கப்பூரில் வண்டி வைத்திருக்க ஏலத்தில் எடுக்க வேண்டிய, காலவரம்புள்ள உரிமைச் சான்றிதழ்) சேர்த்து விலை 290,000 வெள்ளி. முன்பணம் 15,000 வெள்ளி. ஆறு ஏலத்துக்குள் உத்தரவாத சிஓஇ என்று ஒப்பந்தத்தில் உள்ளது. எட்டு ஏலம் முடிந்தும் வண்டி வரவில்லை. சிஓஇயும் ஓஎம்வியும் (வரிகளைக் கணக்கிட எடுக்கும் வண்டியின் இறக்குமதி மதிப்பு) ஏறிவிட்டதால் 18,000 வெள்ளி கூடுதலாகக் கட்டி, புதிய தாளில் கையெழுத்திட வேண்டுமாம். இல்லையென்றால் முன்பணம் திரும்பாது என்கிறார்கள். பேட்டரிக்கு எட்டு ஆண்டு உத்தரவாதம் என்று விற்பனையாளர் வாட்ஸ்அப்பில் சொன்னது ஒப்பந்தத்தில் இல்லை. எங்கள் பழைய காரின் சிஓஇ இன்னும் இரண்டு மாதத்தில் முடிகிறது. என்ன செய்யலாம்?

பதில்: முதலில், அந்தப் புதிய தாளில் கையெழுத்திடாதீர்கள். இன்று உங்கள் கையில் இருப்பது 290,000 வெள்ளி என்ற ஒப்பந்தம். புதிய தாளில் கையெழுத்திட்டால் அந்த ஒப்பந்தத்தை நீங்களே மாற்றிக்கொண்டதாகிவிடும். மிரட்டிக் கையெழுத்து வாங்கினார்கள் என்று பிறகு நிரூபிப்பது கடினம். பயனீட்டாளர் பாதுகாப்பு (நியாயமான வர்த்தகம்) சட்டத்தின் பட்டியலில், முன்பு சொன்ன மதிப்பீட்டைவிடக் கணிசமாக அதிக விலை வாங்குவது நியாயமற்ற நடைமுறை. ஆனால் கூடுதல் விலைக்கு வாடிக்கையாளர் முன்கூட்டியே வெளிப்படையாகச் சம்மதித்திருந்தால் அது பொருந்தாது. டீலர் உங்களிடம் கேட்பது அந்தச் சம்மதத்தைத்தான்.

அடுத்து ஒப்பந்தத்தில் சிஓஇ பற்றிய வரிகளைப் படியுங்கள். உத்தரவாத சிஓஇ என்றால் ஏலத்தில் விலை ஏறினாலும் அந்தச் சுமை டீலருடையது. உத்தரவாதமற்ற சிஓஇ என்றால் குறிப்பிட்ட தொகைவரை டீலர் ஏலம் கேட்பார், அதற்கு மேல் போனால் நீங்கள் போட வேண்டும். உங்களுடையது முதல் வகை என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனாலும் பின்பக்கத்துச் சிறிய எழுத்துகளையும் பாருங்கள். ஆறு ஏலத்தில் கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்று அங்கே ஒரு வரி இருக்கலாம்: முன்பணம் முழுவதும் திரும்பும், அல்லது மேலும் சில ஏலங்கள் தொடரும், அல்லது வாங்குபவர் விரும்பினால் கூடுதல் பணம் கட்டலாம். ‘விரும்பினால்’ என்று இருந்தால் கட்டாயப்படுத்த அவர்களுக்கு உரிமை இல்லை. தங்கள் விருப்பப்படி விலையை மாற்றலாம் என்று எழுதியிருந்தாலும் அதுவே முடிவல்ல. 1977ஆம் ஆண்டு நியாயமற்ற ஒப்பந்த விதிகள் சட்டத்தின்கீழ், அச்சிட்ட நிலையான ஒப்பந்தத்தில் பயனீட்டாளருக்கு எதிராக அப்படியொரு விதியைப் பயன்படுத்த, அது நியாயமானது என்று டீலர்தான் காட்ட வேண்டும்.

ஏலத்தைப் பற்றி ஒன்றை எழுத்தில் கேளுங்கள். ஆறு சுற்றிலும் உங்கள் பெயரில் எந்தத் தேதியில் எவ்வளவுக்கு ஏலம் கேட்டார்கள்? ஏ, பி பிரிவு சிஓஇயைக் கைமாற்ற முடியாது. அதனால் உங்கள் வண்டிக்கான ஏலம் உங்கள் பெயரில் இருந்திருக்க வேண்டும். இந்த அளவு வண்டி பெரும்பாலும் பி பிரிவு: 1,600 சிசிக்கு மேல், அல்லது 97 கிலோவாட்டுக்கு மேல். திறந்த பிரிவான ஈ சிஓஇயைப் பயன்படுத்தப் போவதாகச் சொன்னால், அதற்கான விவரத்தைக் கேளுங்கள். விலை இறங்கும் என்று காத்திருந்து முந்தைய சுற்றின் விலையைவிட வெகு குறைவாக ஏலம் கேட்டிருந்தால், அல்லது சில சுற்றுகளில் கேட்காமலே விட்டிருந்தால், உங்கள் வழக்கு வலுவாகிறது. கிடைக்காமல் போனதும் முயற்சியே செய்யாததும் சட்டத்தின் கண்ணில் ஒன்றல்ல.

ஓஎம்வி ஏறியது என்ற காரணத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓஎம்வியைச் சுங்கத்துறை மதிப்பிடுகிறது, ஒரு தொகுதி வண்டிக்கும் அடுத்த தொகுதிக்கும் அது மாறலாம். அது 50,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். கூடுதல் பதிவுக் கட்டணம் முதல் 20,000க்கு 100 விழுக்காடு, அடுத்த 20,000க்கு 140, அதற்கடுத்த 20,000க்கு 190 விழுக்காடு. ஆக 20,000 + 28,000 + 19,000 = 67,000 வெள்ளி. ஓஎம்வி 53,000 ஆனால் இந்தக் கட்டணம் 5,700 ஏறும். 20 விழுக்காடு கலால் வரியில் 600, ஓஎம்வி உயர்வு, கலால் வரி உயர்வு இரண்டின் மேலும் 9 விழுக்காடு பொருள் சேவை வரியில் 324. வரிச்சுமை மொத்தம் 6,624 வெள்ளி கூடுகிறது. ஒப்பந்தத்தில் ஓஎம்வி எவ்வளவு என்று எழுதி, மாறினால் விலையும் மாறும் என்று குறித்திருந்தால் மட்டுமே இந்தத் தொகையை உங்களிடம் கேட்க முடியும். 18,000இல் எவ்வளவு ஓஎம்விக்கு, எவ்வளவு சிஓஇக்கு என்று பிரித்துக் கேளுங்கள்.

‘முன்பணம் திரும்பத் தரப்படாது’ என்ற அச்சு வரியைப் பார்த்துப் பலர் மனம் தளர்ந்துவிடுகிறார்கள். வாங்குபவர் பின்வாங்கினால்தான் அந்த வரிக்கு வேலை. வாக்கை மீறியவர் டீலர் என்றால் உங்கள் பணத்தை அதைக் காட்டி வைத்துக்கொள்ள முடியாது. ஆனால் இங்கே ஓர் ஆபத்து உண்டு. 15,000 வெள்ளி என்பது விலையில் ஏறத்தாழ 5 விழுக்காடு, நியாயமான முன்பணம் என்றே நீதிமன்றம் பார்க்கக்கூடும். கோபத்தில் ‘எனக்கு வண்டி வேண்டாம், ரத்து செய்கிறேன்’ என்று ஒரு செய்தி அனுப்பினால் ஒப்பந்தத்தை முறித்தவர் நீங்களாகிவிடுவீர்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஒரே வரியால் பணத்தை இழப்பதை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஆகவே கடிதத்தில் இப்படி எழுதுங்கள்: ஒப்பந்தப்படி ஆறு ஏலத்துக்குள் சிஓஇ பெற்றிருக்க வேண்டும், பெறவில்லை. ஒப்புக்கொண்ட 290,000 வெள்ளிக்கே இன்றிலிருந்து 14 நாளுக்குள் வண்டியைப் பதிவு செய்து தர முடியும் என்று எழுத்தில் உறுதி செய்யுங்கள். தவறினால் நீங்கள் ஒப்பந்தத்தை மீறியதாகக் கருதி அதை முடித்துக்கொண்டு, முன்பணத்தையும் இழப்பையும் கோருவேன். இதை நிறுவனத்தின் மின்னஞ்சலுக்கும் ஒப்பந்தத்தில் உள்ள முகவரிக்கும் அனுப்புங்கள், விற்பனையாளருக்கு மட்டும் அல்ல. முன்பணம் போனது நிறுவனக் கணக்குக்கா, விற்பனையாளருடைய பேநவ் (உடனடிப் பணமாற்றுச் சேவை) எண்ணுக்கா என்றும் பாருங்கள். தனிப்பட்ட எண்ணுக்கு என்றால் நிறுவனத்தின் ரசீதை உடனே கேட்டு வாங்குங்கள்.

பேட்டரி உத்தரவாதம் பற்றிய வாட்ஸ்அப் செய்திகளை முழு உரையாடலாக ஏற்றுமதி செய்து வைத்துக்கொள்ளுங்கள். திரைப்பிடிப்பு மட்டும் போதாது. எழுதியவை மட்டுமே ஒப்பந்தம் என்ற விதி இருந்தாலும், பொய்யான உறுதிமொழியை நம்பி ஒருவர் கையெழுத்திட்டிருந்தால் 1967ஆம் ஆண்டு தவறான கூற்றுச் சட்டத்தின்கீழ் அவருக்கு வழி உண்டு. அந்தப் பொறுப்பை விலக்கும் விதியும் நியாயமானதாக இருந்தால்தான் நிற்கும்.

14 நாளில் பதில் வராவிட்டால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கமான கேஸை அணுகலாம், சமரசம் செய்துவைப்பார்கள். அதற்குப் பிறகு சிறு உரிமைக்கோரல் நடுவர் மன்றம். அங்கே வரம்பு 20,000 வெள்ளி, இரு தரப்பும் எழுத்தில் சம்மதித்தால் 30,000. உரிமை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். வழக்கறிஞர் வாதாட முடியாது, நீங்களே பேச வேண்டும். தாக்கல் இணையத்தில்தான். 10,000 வெள்ளிக்கு மேற்பட்ட கோரிக்கைக்குப் பயனீட்டாளருக்குக் கட்டணம் 1 விழுக்காடு, 15,000க்கு 150 வெள்ளி. அதே வண்டியை வேறிடத்தில் கூடுதல் விலைக்கு வாங்க நேர்ந்தால் அந்த வித்தியாசத்தையும் கோரலாம். ஆனால் மொத்தம் 20,000ஐத் தாண்டினால், மிஞ்சியதை விட்டுக்கொடுக்க வேண்டும் அல்லது மாஜிஸ்திரேட் நீதிமன்றம் போக வேண்டும். 15,000க்கு மேல் 5,000 வரை சேர்த்து நடுவர் மன்றத்திலேயே முடித்துக்கொள்வது செலவுக்கும் மனத்துக்கும் நல்லது என்பது என் கருத்து.

எல்லாம் தெரிந்தும் இந்த வண்டிதான் வேண்டும் என்றால், பேரம் பேசிக் குறைத்த தொகைக்கு மட்டும் சம்மதியுங்கள். அதற்கு ஈடாகச் சில வரிகளை எழுத வையுங்கள். ஹைபிரிட் பேட்டரிக்கு எத்தனை ஆண்டு, எத்தனை கிலோமீட்டர், தருபவர் யார், எந்தப் பட்டறையில் பழுதுபார்ப்பார்கள். இறக்குமதி செய்தவரே தரும் உத்தரவாதம் என்றால், அவர் கடையை மூடினால் அதுவும் போகும். கரடுமுரடான பாதையில் ஓட்டினால் உத்தரவாதம் செல்லாது என்ற விலக்கு இருக்கிறதா? மலேசியாவின் மண் பாதைகளில் ஓட்டவே வாங்குகிறோம் என்று நீங்கள் சொல்லியிருந்தால் அதை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். வாங்குபவர் தெரிவித்த நோக்கத்துக்குப் பொருள் ஏற்றதாக இருக்க வேண்டும் என்று பொருள் விற்பனைச் சட்டம் சொல்கிறது. நான்கு சக்கர இயக்கம், விஇஎஸ் (வாகனப் புகை உமிழ்வுத் திட்டம்) பிரிவு, பதிவில் ஏழு இருக்கை ஆகியவையும் எழுத்தில் வேண்டும். 1.35 மீட்டருக்குக் குறைந்த உயரமுள்ள பிள்ளைகளுக்குச் சட்டப்படி ஏற்ற சிறார் இருக்கை கட்டாயம். நடுவரிசையில் மூன்று சிறார் இருக்கைகளை மாட்டிய பிறகு உங்கள் பெற்றோர் பின்வரிசைக்கு எப்படி ஏறுவார்கள் என்று காட்சிக்கூடத்திலேயே ஏறிப் பார்க்கச் சொல்லுங்கள்.

கடனிலும் கவனம் தேவை. ஓஎம்வி 20,000 வெள்ளிக்கு மேல் இருந்தால் நாணய ஆணையத்தின் விதிப்படி விலையில் 60 விழுக்காடுதான் கடன், அதிகபட்சம் ஏழு ஆண்டு. 290,000க்கு 116,000 ரொக்கம். 308,000 ஆனால் 123,200. விலையைத் தாளில் உயர்த்திக் காட்டி அதிகக் கடன் வாங்கித் தருகிறேன் என்று யாரேனும் சொன்னால் உடனே மறுத்துவிடுங்கள். வங்கிக்குப் பொய்த் தகவல் கொடுத்தவர் என்று நீங்களே சிக்குவீர்கள். வண்டி வந்த ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், கொடுக்கும்போதே அது இருந்ததாகச் சட்டம் அனுமானிக்கும். 2012 முதல் நடப்பில் உள்ள இந்தப் பாதுகாப்புக்காக, பழுதுபார்ப்புத் தாள்கள் அனைத்தையும் பத்திரப்படுத்துங்கள்.

பழைய காரின் சிஓஇ முடிவதை டீலரும் அறிந்திருப்பார், அந்த அவசரத்தை வைத்துத்தான் உங்களை நெருக்குகிறார் என்று தோன்றுகிறது. காரை அவரிடம் முன்கூட்டி ஒப்படைக்காதீர்கள். தேவைப்பட்டால் பிகியூபி எனும் சிஓஇயின் மூன்று மாதச் சராசரி விலையில் பாதியைக் கட்டி ஐந்து ஆண்டுக்குப் புதுப்பிக்கலாம், ஆனால் அந்த ஐந்தாண்டுக்குப் பின் மீண்டும் நீட்டிக்க முடியாது. பெரிய தொகை என்பதால், சில வாரத்துக்கு மட்டும் வண்டி தேவை என்றால் வாடகை வண்டியே மலிவு. தாமதத்தால் வண்டி வாடகைக்கு எடுக்க நேரும் என்பதை உங்கள் 14 நாள் கடிதத்திலேயே டீலருக்குத் தெரிவித்துவிடுங்கள், அப்போதுதான் அந்தச் செலவைக் கோரிக்கையில் சேர்க்க வாதம் இருக்கும்.