யாருக்குக் காவல்?

வணக்கம் ஐயா,

இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்காக, அமெரிக்க அதிபர்களில் ரூஸ்வெல்ட் 1941இல் ஆற்றிய நான்கு சுதந்திரங்கள் உரையையும் ஜார்ஜ் டபிள்யூ. புஷ்ஷின் 2005ஆம் ஆண்டுப் பதவியேற்பு உரையையும் ஒப்பிட்டு வருகிறேன். முன்னவர் சுதந்திரத்தை விரித்தார், பின்னவர் அதைத் தேசப் பாதுகாப்புக்குள் சுருக்கினார் என்று எனக்குப் படுகிறது. சரிதானா?

ஈப்போ வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பாதியை ஏற்கிறேன். 1941 ஜனவரி 6 அன்று ரூஸ்வெல்ட், பேச்சுரிமை, வழிபாட்டுரிமை ஆகியவற்றோடு வறுமையிலிருந்தும் அச்சத்திலிருந்தும் விடுபடுவதையும் சேர்த்து, பாதுகாப்பையே சுதந்திரத்தின் ஓர் உறுப்பாக்கினார். எந்த நாடும் அண்டை நாட்டைத் தாக்க இயலாத அளவுக்கு உலகெங்கும் படைக்கலங்களைக் குறைப்பதே அச்சமின்மை என்றார். அதே உரையில்தான், ஆக்கிரமிப்பாளர்களோடு போரிடும் நாடுகளுக்கு ஆயுதம் செய்து தர அனுமதியும் கேட்டார். புஷ்ஷோ, தம் நாட்டில் சுதந்திரம் நிலைப்பது பிற நாடுகளில் அது வெல்வதைப் பொறுத்தது என்றார். இதைச் சுருக்கம் என்று சொல்ல மாட்டேன். அவர் எல்லையை உலகம் முழுவதற்கும் விரித்தார். சுதந்திரத்தைப் பாதுகாப்பின் கருவியாக்கியதுதான் அவர் செய்த மாற்றம்.

ஆனால் உரைகளை மட்டும் வைத்து இவ்விருவரையும் எடை போட்டால் ரூஸ்வெல்ட்டுக்கு அதிக மதிப்பெண் கொடுத்துவிடுவோம். அச்சத்திலிருந்து விடுதலை பேசிய அவரே, பதின்மூன்று மாதங்கள் கழித்து, 1942 பிப்ரவரி 19 அன்று கையெழுத்திட்ட ஆணையால் ஜப்பானிய வம்சாவளியினர் ஏறத்தாழ 120,000 பேர் முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவர்களில் பெரும்பான்மையினர் அமெரிக்கக் குடிமக்கள். அந்த ஆணையில் ஜப்பானியர் என்ற சொல்லே கிடையாது.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் வாழ்பவனுக்கு இது தூரத்துக் கதையன்று. 1948 ஜூன் 16 அன்று இவ்வூர்ப் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் துரைகள் கொல்லப்பட்டதை அடுத்துத்தான், கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை ஒடுக்க ஆங்கிலேய ஆட்சி அறிவித்த அவசரகாலம் வந்தது. தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயத்தைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டார்கள் என்றும், காட்டிலிருந்த கிளர்ச்சியாளர்களுக்கு உணவு போய்ச் சேராதிருக்க, ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறவர்கள் சோறு கட்டிக்கொண்டு போகக் கூடாதென்று வாசலில் சோதித்தார்கள் என்றும் என் பாட்டி சொல்வார். அந்த வேலியைக் காவல் என்றுதான் அவர் குறிப்பிடுவார். தமிழில் அந்த ஒரு சொல்லே காப்பதையும் குறிக்கிறது, அடைத்து வைப்பதையும் குறிக்கிறது, தடுப்புக்காவல் என்கிறோமல்லவா? பாட்டி எந்தப் பொருளில் சொன்னார் என்பதை நான் கேட்டதில்லை.

1957 ஆகஸ்ட் 31 அன்று முதல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான், சுதந்திரத்தின் மீதும் நீதியின் மீதும் நிறுவப்பட்ட நாடு என்று மலாயாவைப் பிரகடனம் செய்தபோதும் அவசரகாலம் நடப்பிலிருந்தது. 1960 ஜூலை 31 அன்று அது முடிவுக்கு வந்தது. மறுநாளே, விசாரணையின்றி அடைத்து வைக்க வழிசெய்த உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்து, 2012 வரை நீடித்தது. இன்றுள்ள சொஸ்மா எனப்படும் பாதுகாப்புக் குற்றங்கள் (சிறப்பு நடவடிக்கைகள்) சட்டம் அதன் இடத்தில் வந்ததுதான்.

ஆகவே, சுதந்திரம் என்ற சொல்லைத் தலைவர் எவ்வளவு அகலமாக வைக்கிறார் என்று அளப்பதைவிட, ‘நாம்’ என்று அவர் சொல்லும்போது வேலிக்கு வெளியே விடப்படுபவர் யார் என்று மாணவர்களைத் தேடச் சொல்வேன். அந்த இரண்டு உரைகளோடு துங்குவின் பிரகடனத்தையும் கொடுங்கள். அது சிறியது, ஒரு பாடவேளைக்குள் வாசித்துவிடலாம். வீட்டில் அவசரகாலத்தைக் கண்ட பெரியவர்கள் இருந்தால், லயத்து வேலியின் சாவி யாரிடம் இருந்தது என்று கேட்டு எழுதி வரச் சொல்லுங்கள்.