ஆளைப் பார்ப்பதா, எழுத்தைப் பார்ப்பதா?

கேள்வி: சொந்த வாழ்க்கை சரியில்லாத எழுத்தாளரைப் படிக்கலாமா?

பதில்: தாராளமாக. பெண் கொடுக்கவா போகிறோம், விசாரித்துவிட்டுப் படிக்க? ரஷ்ய நாவலாசிரியர் தஸ்தயேவ்ஸ்கி சூதாடிக் கடன்பட்டவர். 1866இல் கெடு நெருக்கவே, சுருக்கெழுத்துக்கு வந்த அன்னாவிடம் வாய்மொழியாகச் சொல்லி முடித்த நாவல்தான் ‘சூதாடி’. (அன்னாவையே அடுத்த வருஷம் கல்யாணமும் செய்துகொண்டார்.) அதில் ஒரு பாட்டி, எண்கள் போட்ட சக்கரத்தைச் சுழற்றும் ரூலெட் சூதாட்டத்தில் பூஜ்யத்தின் மேலேயே திரும்பத் திரும்பப் பணம் கட்டுவாள். சூதாட்ட மேசைப் பக்கமே போகாத உத்தமர் எழுதக்கூடிய இடமா அது?

நார்வே எழுத்தாளர் க்னுட் ஹாம்சன் விஷயம் வேறு. 1920இல் வாங்கிய நோபல் பதக்கத்தை 1943இல் ஹிட்லரின் பிரச்சார அமைச்சர் கோயபல்ஸுக்கு அனுப்பிவைத்தவர் அவர். அவருடைய ‘பசி’ நாவல் இன்னும் என் அலமாரியில்தான் இருக்கிறது. ஆனால் அவருக்குச் சிலை வைக்க நன்கொடை கேட்டு வந்தால் கதவைத் திறக்க மாட்டேன்.