மூன்று பேர், மூன்று பெயர்: என் மகனுக்கு எந்த நோய்?

கேள்வி: என் மகனுக்கு 23 வயது. காதில் குரல் கேட்கிறது என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது 'திடீர் மனநோய், தற்காலிகமானது' என்று எழுதினார்கள். ஆறாவது வாரம் பார்த்த வேறு டாக்டர் 'ஸ்கிசோஃப்ரினியா' (மனச்சிதைவு நோய்) என்றார். அமெரிக்காவில் சைக்காலஜி படிக்கும் என் அக்கா மகன் 'ஸ்கிசோஃப்ரினிஃபார்ம்' என்கிறான். கூகுளில் பார்த்தால் ஆயுள் முழுக்க என்று பயமுறுத்துகிறது. எடை வேறு கூடியது, பகலெல்லாம் தூக்கம். இரண்டு வாரமாக மாத்திரையை நிறுத்திவிட்டோம். இப்போது மூன்று நாளாக ராத்திரி தூங்காமல் மொட்டை மாடியில் நடக்கிறான். நான் சமைத்ததைத் தொடாமல் பிஸ்கட் பாக்கெட்டைத் தானே பிரித்துச் சாப்பிடுகிறான். மாத்திரையைப் பொடித்துக் காபியில் கலந்து கொடுக்கலாமா?
- ஒரு தாய், பெரம்பூர்

பதில்: கலக்காதீர்கள் அம்மா. வீட்டுச் சாப்பாட்டில் யாரோ எதையோ கலக்கிறார்கள் என்ற சந்தேகம் வந்துவிட்டது போலிருக்கிறது. அதனால்தான் பாக்கெட்டைத் தானே பிரிக்கிறார். அந்தச் சந்தேகத்தை நீங்களே உண்மையாக்க வேண்டாம். ஒருநாள் காபி கசந்தால் போதும், அப்புறம் உங்கள் கையால் தண்ணீர்கூட வாங்க மாட்டார்.

உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்படவைத்தது மூன்று பெயர்கள் இல்லை, அந்த மூன்று ராத்திரிகள்தான். மாத்திரையை நிறுத்திய சில வாரங்களில் தூக்கம் கெட்டு, கூடவே சந்தேகமும் எட்டிப் பார்த்தால் நோய் திரும்புகிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். இந்தப் பதில் வெளியாகும் வரை காத்திருக்க வேண்டாம் என்று உங்களுக்கு முன்பே தகவல் அனுப்பச் சொல்லிவிட்டேன். இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்காக இங்கேயும் எழுதுகிறேன்: அவரைப் பார்த்துவந்த மனநல மருத்துவரிடம் அன்றைக்கே அழைத்துப் போங்கள். மிச்சமிருக்கும் மாத்திரையை நீங்களாகவே பழைய அளவில் ஆரம்பிக்காதீர்கள். செத்துவிடலாம் என்று பேசினாலோ, 'இப்படிச் செய்' என்று குரல் கட்டளையிடுவதாகச் சொன்னாலோ, சுத்தமாகச் சாப்பிட மறுத்தாலோ, அப்பாயின்ட்மென்ட் பார்த்துக்கொண்டிருக்காமல் நேராக எமர்ஜென்சிக்குப் போய்விடுங்கள். கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகம் பெரம்பூரிலிருந்து தூரமில்லை. ராத்திரியில் யாரைக் கேட்பது என்று தெரியாவிட்டால் 14416, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ். எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். மொட்டை மாடிக் கதவுக்குப் பூட்டும் போட்டு வையுங்கள்.

சரி, இப்போது பெயர்கள்.

வாக்கியப் பஞ்சாங்கத்தில் சனிப்பெயர்ச்சி ஒரு தேதி, திருக்கணிதத்தில் வேறு தேதி. அதற்காக யாராவது சனியே இல்லை என்று சொல்கிறார்களா? இங்கேயும் கணக்கு முறை இரண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐசிடி ஒன்று. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் மனநோய்க் கையேடான டிஎஸ்எம் இன்னொன்று. நம் ஆஸ்பத்திரிகளில் நோய்க்கான குறியீட்டை எழுதுவது பெரும்பாலும் ஐசிடிப்படி. உங்கள் அக்கா மகன் படிப்பது டிஎஸ்எம்.

இரண்டுக்கும் முக்கியமான தகராறு நாள் கணக்கில்தான். சேர்த்த சமயத்தில் உங்கள் மகனுக்கு நோய் தொடங்கிச் சில நாட்களே ஆகியிருக்கும். ஐசிடி-10-இல் அதற்கு எஃப் 23, அதாவது திடீரென வந்து போகும் மனநோய். குரல் கேட்பது ஒரு மாதத்தைத் தாண்டினால் அதே ஐசிடி ஸ்கிசோஃப்ரினியா, எஃப் 20 என்று எழுதச் சொல்கிறது. ஆறாவது வாரத்தில் பார்த்தவர் அப்படித்தான் எழுதியிருப்பார். டிஎஸ்எம் அந்தப் பெயரை வைக்க ஆறு மாதம் காத்திருக்கச் சொல்லும். வேலை, படிப்பு, தன்னைப் பார்த்துக்கொள்வது இதெல்லாம் சரிந்திருக்கிறதா என்றும் கேட்கும். ஒன்றிலிருந்து ஆறு மாதம் வரைக்கும் அங்கே பெயர் ஸ்கிசோஃப்ரினிஃபார்ம். ஆக, மூன்று பேருமே அவரவர் கணக்குப்படி சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ஐசிடி-11 திடீர் மனநோய்க்கு மூன்று மாதம் வரை இடம் தருகிறது, குறியீடும் வேறு. நாளைக்கு இன்னொரு டாக்டர் அதைப் பார்த்து எழுதினால் நான்காவது பெயர் வந்துவிட்டதே என்று பதறாதீர்கள்.

என்னைக் கேட்டால், முதல் வருடத்தில் எழுதும் பெயரைப் பென்சிலால்தான் எழுத வேண்டும். திடீரென வந்து முழுசாகத் தெளிந்து வேலைக்குப் போகிறவர்களை நம் ஊரில் நிறையவே பார்க்கிறோம். ஸ்கிசோஃப்ரினியா என்றே உறுதியானாலும் வேலை, குடும்பம் என்று இருப்பவர்கள் உண்டு. கூகுள் உங்கள் மகனைப் பார்த்ததில்லை. இந்த மூன்று பெயர்களில் எது இருந்தாலும் ஆரம்ப மாதங்களில் வைத்தியம் ஒன்றுதான். குணமான பிறகு மாத்திரையை எவ்வளவு காலம் தொடர்வது என்று முடிவு செய்யத்தான் பெயர் உதவும். அந்த முடிவை வாட்ஸப் காலில் எடுக்க முடியாது.

எடைக்கும் பகல் தூக்கத்துக்கும் வழி இருக்கிறது: அளவைக் குறைக்கலாம், ராத்திரிக்கு மாற்றலாம், வேறு மருந்தும் தரலாம். சொன்னால்தானே டாக்டருக்குத் தெரியும்? நிறுத்திவிட்டு எனக்குக் கடிதம் எழுதினால் எப்படி? 'பழகிவிடுமோ' என்ற பயம் வேண்டாம், இவை போதை மாத்திரைகள் இல்லை.

போகும்போது டிஸ்சார்ஜ் சம்மரியோடு ஒரு தாளில் தேதிகளை எழுதி எடுத்துப் போங்கள்: முதலில் குரல் கேட்ட நாள், அது நின்ற நாள், கடைசி மாத்திரை போட்ட நாள், தூக்கம் கெட்ட நாள். மாத்திரை நிறுத்தியதை மறைக்காதீர்கள். மறைத்தால் மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்து டோஸைக் கூட்டிவிடுவார்கள். எடையும் பார்த்து, சர்க்கரை, கொழுப்பு டெஸ்ட்டுக்கும் அப்போதே கேட்டுவிடுங்கள்.