பின்வாசல் வழியாகப் போன விருந்து

(வாசகர் கேள்விகளுக்கு ஒரு காரைக்குடி டீச்சரின் பதில்கள்)

கேள்வி: கானாடுகாத்தான் பக்கம் ஒரு வீட்டில் ரகசிய இரவு விருந்து நடக்கிறதாம். போர்டு கிடையாது. முன்பணம் போட்டால் அன்று சாயங்காலம்தான் விலாசம் வருமாம். முகம் தெரியாத பத்துப் பேரோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும். தலைக்கு 1,500 ரூபாய். "யார் வீட்டிலேயோ போய்க் காசு கொடுத்துச் சாப்பிடுவதா? அப்புறம் ஓட்டல் எதுக்கு இருக்கு?" என்கிறார் என் கணவர். போகலாமா டீச்சர்? (கோவையிலிருந்து ஒரு வாசகி)

பதில்: போகலாம். போகும் முன் எந்தத் தெரு, எந்த வாசல் என்று கேட்டுக்கொள்ளுங்கள். நான் கேட்கவில்லை.

போன தை மாதம். பெங்களூரில் வேலை பார்க்கும் என் தங்கை மகள், போனிலேயே எல்லாம் பேசி எனக்கும் சேர்த்துப் பணம் கட்டிவிட்டாள். அவள் சிநேகிதிகளோடு மதுரையிலிருந்து நேரே வருவதாகவும், நான் காரைக்குடியிலிருந்து ஆட்டோவில் வந்துவிடுவதாகவும் ஏற்பாடு. ஊர்ப் பெயர் வேண்டாம், அரை மணி நேரப் பயணம். ஆறு மணிக்கு போனில் வரைபடம் வந்தது. அதிலிருந்த சிவப்புப் புள்ளி சரியாக இரண்டு வீடுகளுக்கு நடுவில் நின்றது.

இந்தப் பக்கத்துப் பெரிய வீடுகளுக்கு முகப்பு ஒரு தெருவில் இருக்கும், பின்வாசல் அடுத்த தெருவில் இருக்கும். முகப்பு, வளவு என்கிற நடுமுற்றம், இரண்டாம் கட்டு, அடுப்படி என்று நேராக ஓடும். முன்வாசலில் நின்று பார்த்தால் கடைசிக் கதவு தீப்பெட்டி அளவுக்குத் தெரியும். ஆட்டோக்காரத் தம்பி என்னை இறக்கிவிட்டது பின்தெருவில். ஒரு கதவு திறந்திருந்தது. உள்ளே விறகுப் புகை, எண்ணெய் வாசனை, ஆள் நடமாட்டம். ரகசிய விருந்துக்குப் பின்வாசல் வழியாகத்தான் விடுவார்கள் போலிருக்கிறது என்று நானே ஒரு நியாயம் கற்பித்துக்கொண்டு நுழைந்துவிட்டேன்.

அடுப்படியில் சமையல்காரர் வெள்ளைப் பணியாரம் சுட்டுக்கொண்டிருந்தார். பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டேன். ஒரு கரண்டி மாவை எடுத்து, எண்ணெய்க்கு நடுவே ஒரே ஊற்று. மாவு அடியில் போய், ஒரு நொடி யோசித்து, மேலே மிதந்து வருகிறது. ஓரம் கொஞ்சம் முறுகி வளையமாக நிற்க, நடு மட்டும் உப்புகிறது. அதன் தலையில் கரண்டியால் சூடான எண்ணெயை இரண்டு தடவை தெளித்தார். திருப்பினார், எடுத்தார். ஒரு இடத்தில்கூடச் சிவக்கவில்லை. இதற்கு அளவு எல்லோருக்கும் தெரிந்ததுதான்: தலைதட்டிய ஒரு டம்ளர் பச்சரிசி, அதன் மேலேயே கோபுரமாகக் குவிகிற அளவு உளுந்து. சேர்த்து ஊறவைத்து, வெண்ணெயாக அரைத்து, புளிக்கவிடாமல் உடனே சுட வேண்டும். அளவு தெரிந்தும் முப்பத்தாறு வருஷமாக எனக்கு வளையம் நிற்பதில்லை.

"எந்த ஊரு ஆளுக?" என்று பின்னால் ஒரு குரல். வைரத்தோடு போட்ட ஒரு ஆச்சி.

"காரைக்குடி."

"பொழுதோட வரக் கூடாதா? கையைக் கழுவிட்டு உக்காருங்க, பலகாரம் ஆறுது."

இரண்டாம் கட்டில் ஜமக்காளம் விரித்து இலை போட்டிருந்தார்கள். முகம் தெரியாதவர்கள் இருபது பேர். அட, பத்துப் பேர் என்றல்லவா சொன்னாள் என்று நினைத்தேனே தவிர, எழுந்திருக்கவில்லை. நாலு பணியாரம், வரமிளகாய்த் துவையல், ஒரு கரண்டி கும்மாயம் என்கிற உளுத்தமாவு இனிப்பு. கருப்பட்டியும் நெய்யும் விரலை விட்டுப் போகவில்லை. அப்போது போன் அடித்தது. "பெரியம்மா, எங்கே இருக்கீங்க? இங்கே எல்லாரும் உங்களுக்காகத்தான் உட்கார்ந்திருக்கோம்."

நான் இருந்தது சாந்தி வீடு. அறுபதாம் கல்யாணத்தை இங்கே சாந்தி என்பார்கள். விடிந்தால் விசேஷம். கூசிப்போய் ஆச்சியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் தோடு ஆடியது. "அதுக்கென்ன? எந்திரிக்காதிய. இலையில இருக்கறத முடிச்சுட்டுப் போங்க." அப்புறம் பேரனை அனுப்பி, எதிர்ப்பக்கம் பூட்டிக் கிடந்த பின்கதவைக் காட்டச் சொன்னார். அதுதான் நான் போக வேண்டிய வீடு. அதன் முகப்பு அடுத்த தெருவில்.

சரி, பணம் கட்டிய வீட்டுக்கு வருகிறேன். அங்கேயும் குறை சொல்ல ஒன்றும் இல்லை. இடியாப்பத்துக்குக் கத்திரிக்காய் கோசுமல்லி, வெண்டைக்காய் மண்டி, உப்புக்கறி, கடைசியில் தேங்காயும் சர்க்கரையும் போட்ட கவுனி அரிசி. ஓட்டலில் செட்டிநாடு என்ற பெயரில் வருகிற மிளகாய்த் தீ இதில் எதிலும் இல்லை. உப்புக்கறியில் ஆட்டுக்கறியோடு சின்ன வெங்காயமும் வரமிளகாயும் உப்பும்தான், மசாலாவே கிடையாது. கூட உட்கார்ந்த பத்துப் பேரில் ஒருவர் சேலத்துப் பல் டாக்டர், இரண்டு பேர் சென்னையிலிருந்து வந்த கட்டடக்கலை மாணவிகள். முதல் இலையில் பேச்சே இல்லை. கோசுமல்லி இரண்டாம் முறை வந்தபோதுதான் டாக்டர் வாயைத் திறந்தார், அப்புறம் மூடவே இல்லை.

அந்த வீட்டம்மா எல்லாவற்றையும் விளக்கினார். இந்தத் தூண் பர்மாத் தேக்கு, இந்தத் தரை ஆத்தங்குடிக் கல், கண்ணாடித் தகட்டின் மேல் கலர்ச் சாந்தை ஊற்றிச் செய்வது, சூளையில் வைப்பதில்லை, பளபளப்பு அந்தக் கண்ணாடி கொடுத்தது என்று. நன்றாகத்தான் சொன்னார். ஆனால் கடைசி வரை உட்காரவில்லை. எதிர் வீட்டில் என்னைக் கேள்வி கேட்டார்கள், இங்கே எனக்குப் பதில் சொன்னார்கள். இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு தெருவும் 1,500 ரூபாயும்.

உங்கள் கணவருக்கு என் பதில் இதுதான்: ஓட்டலில் தட்டை வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். இங்கே மாமியார் எழுதி வைத்த அளவில், வீட்டம்மா கையாலேயே சாப்பாடு வருகிறது. முதல் தடவை இருவருமாகப் போங்கள். எத்தனை பேர், யார் சமைக்கிறார்கள், உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு இருக்கிறதா என்று முன்னாலேயே கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்கிற வீடாக இருந்தால் போக வேண்டாம்.

கேள்வி: நல்ல சாப்பாடு போடுபவர்கள் எதற்கு ஒளித்துச் செய்ய வேண்டும்? (திண்டுக்கல்லிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: இதே சந்தேகம் எனக்கும் இருந்தது. கை கழுவும் இடத்தில் வீட்டம்மாவைத் தனியாகப் பிடித்துக் கேட்டுவிட்டேன்.

"இந்த வீட்டுக்கு எட்டுப் புள்ளி, டீச்சர்" என்றார். கல்யாணமான ஒவ்வொரு குடும்பமும் ஒரு புள்ளி. வளவைச் சுற்றி இருக்கிற அறைகள் பங்காளிக்கு ஒன்றாகப் பிரிந்து கிடக்கும். வளவும் முகப்பும் எல்லோருக்கும் பொது. ஒருவர் சென்னையில், ஒருவர் மலேசியாவில், இருவருக்குள் பேச்சுவார்த்தை இல்லை. வருஷத்தில் பாதி நாள் எல்லாக் கதவும் பூட்டித்தான் இருக்கும். ஆனாலும் முகப்பில் ஒரு போர்டு தொங்கினால், அன்று ராத்திரியே மலேசியாவிலிருந்து போன் வரும்: "பொது வீட்டைக் கடையாக்கிட்டியளா?"

போர்டு இல்லாததற்குக் காரணம் அவ்வளவுதான். கவர்ச்சிக்காக என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டால் நல்லது. அன்றைக்குக் கேமராவோடு வந்திருந்த ஒருவர், பித்தளைப் பூட்டு தொங்கிய ஒரு கதவை ஆட்டிப் பார்த்து, "இது உள்ளே என்ன இருக்கு? திறந்து காட்டலாமே?" என்றார். வீட்டம்மா முகம் வெளுத்துவிட்டது. அது கொழுந்தனாரின் அறை. பூட்டிய கதவைத் தொடாதீர்கள். வீட்டுக்குள் எடுத்த படத்தைக் கேட்காமல் ஊருக்குக் காட்டாதீர்கள்.

கேள்வி: எனக்கும் இதுபோல நடத்த ஆசை. நன்றாகச் சமைப்பேன், வீடும் பெரியது. என்ன செய்ய வேண்டும்? (தேவகோட்டையிலிருந்து ஒரு வாசகி)

பதில்: முதலில் பங்காளிகளிடம் எழுதி வாங்குங்கள். வாய்வார்த்தை வேண்டாம். மேலே சொன்ன வீட்டில் இரண்டு பேர் போனில் "சரி" என்றிருக்கிறார்கள், ஒருவருக்கு இன்னும் தெரியாது. அந்தம்மா உட்காராமல் நின்றதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று வரும் வழியில் தோன்றியது.

அடுத்தது பதிவு. 2006-ஆம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, வீட்டில் சமைத்து விற்றாலும் பதிவு வேண்டும். 14 இலக்க எண் ஒன்று தருவார்கள். இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். வீட்டு உபயோக கேஸ் சிலிண்டரைத் தொழிலுக்குப் பயன்படுத்தக் கூடாது, வணிக சிலிண்டர் வாங்குங்கள். கரண்டுக் கட்டணமும் வீட்டுக் கணக்கிலிருந்து மாறக்கூடும், மின்வாரிய அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

சமையல் பற்றி உங்களுக்கு நான் சொல்லித் தர ஒன்றும் இல்லை. ஒன்றே ஒன்று: பதினெட்டு வகை வைக்காதீர்கள். கல்யாண வீட்டில் அது அழகு, ஏழெட்டு சமையல்காரர்கள் நிற்பார்கள். நீங்கள் ஒருவர் பதினெட்டு செய்தால் பதினெட்டும் ஆறிப்போகும். பணியாரத்தைச் சுடச்சுட இலைக்குக் கொண்டுவந்தால் போதும், மீதியை மறந்துவிடுவார்கள்.

அப்புறம் காசு. நம் ஊரில் சாப்பிட்டவரிடம் பணம் கேட்க நாக்கு எழாது. அதனால்தான் முன்பணம். சாப்பிட்ட பிறகு இலையருகே ரூபாய் நோட்டைப் பார்க்கவே கூடாது. வெற்றிலை பாக்கு கொடுத்து அனுப்புங்கள்.

கேள்வி: இதெல்லாம் வெளிநாட்டு நாகரிகம்தானே? (திருச்சியிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: 'சப்பர் கிளப்' என்ற பெயரும் போன் ஏற்பாடும் வெளியிலிருந்து வந்தவை. கியூபாவில் 1990-களில், வீட்டிலேயே சாப்பாடு போட்டுக் காசு வாங்க அரசாங்கம் அனுமதித்தது. ஆனால் 12 நாற்காலிக்கு மேல் போடக் கூடாது என்று கட்டுப்பாடு. பதின்மூன்றாவது ஆளை எங்கே உட்காரவைத்திருப்பார்கள் என்று எனக்கு ஒரு யோசனை. பாரிஸில் ஜிம் ஹேன்ஸ் என்ற அமெரிக்கர் 1970-களின் கடைசியிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தோறும் தன் வீட்டில் விருந்து நடத்தினார். போன் செய்து பெயர் சொன்னால் யாரும் வரலாம், பணத்தை உறையில் போட்டுக் கொடுப்பார்கள். 2021-ல் அவர் இறக்கும்வரை பல்லாயிரம் பேர் சாப்பிட்டிருக்கிறார்கள். உறை என்றதும் எனக்கு மொய்க் கவர்தான் நினைவுக்கு வந்தது.

நம் நாட்டிலேயே மும்பையில் 2014 வாக்கில் 'தி போஹ்ரி கிச்சன்' என்று ஒரு வீட்டில் தொடங்கினார்கள். போஹ்ரா முஸ்லிம்களின் வழக்கப்படி ஒரே பெரிய தாம்பாளத்தைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்து, ஒரு சிட்டிகை உப்பை நாக்கில் வைத்துத்தான் சாப்பாட்டை ஆரம்பிப்பார்கள். முகம் தெரியாதவரோடு ஒரே தட்டு! இலையாவது நமக்கென்று தனியாக இருக்கிறது.

கேள்வி: மண்டி என்றால் அரபு பிரியாணி இல்லையா? வெண்டைக்காயில் எப்படி? (சிவகாசியிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: அது வேறு, இது வேறு. நம் மண்டிக்கு ஆதாரம் அரிசி கழுவிய தண்ணீர். முதல் கழுவலைக் கொட்டிவிட்டு, இரண்டாவதில் புளியை ஊறவையுங்கள். சின்ன வெங்காயம், பூண்டு, பச்சை மிளகாய், வெண்டைக்காய் எல்லாம் வதக்கி, அந்தத் தண்ணீரை விட்டுக் கொதிக்கவிட்டால் தானே கெட்டிப்படும். மறுநாள் பழைய சோற்றுக்கு இன்னும் நன்றாக இருக்கும்.

கேள்வி: சாப்பாடு பிடிக்காவிட்டால் முகத்துக்கு நேரே சொல்லலாமா? (சென்னையிலிருந்து ஒரு வாசகி)

பதில்: காசு கொடுத்த வீட்டில் சொல்லலாம், மறுநாள், போனில். சாந்தி வீட்டில் சொல்ல முடியாது.

கேள்வி: போன இதழில் லேசாகக் கோடி காட்டினீர்களே, அந்த வீட்டு விலாசத்தையாவது தரக் கூடாதா? (வாசகர்கள் பலர்)

பதில்: மாட்டேன். மலேசியாவில் ஒரு பங்காளி இந்தப் பத்திரிகை படிக்கிறார்.

நான் அங்கே இன்னொரு தடவையும் போனேன், மாசியில். இந்த முறை வீட்டம்மா பந்தியில் உட்கார்ந்தார், கடைசி இலையில். எதிர் வீட்டு ஆச்சி போன வாரம் கூப்பிட்டார். பேத்திக்குக் காதுகுத்து. "பலகாரம் அதே ஆளுதான் போடுறாரு. முன்வாசல் வழியா வாங்க, டீச்சர்" என்றார்.